மூலப்பத்திரம் லண்டனில்



1947-ல் வெள்ளைக்காரன் எதை நம்மிடம் ஒப்படைத்தான், எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்ற கணக்கைப் பேச வந்திருக்கிறேன்.

ஒப்படைத்தது கொஞ்சமல்ல. ரயில், துறைமுகம், கோட்டை, காடு, கால்வாய், கச்சேரிக் கட்டடம் எல்லாம் கைமாறின. மன்னர் பெயரில் இருந்த சொத்தில் மத்திய சர்க்காருக்கானது ஒன்றியத்துக்கு, மாகாணத்துக்கானது மாநிலத்துக்கு என்று நம் அரசியல் சட்டத்தின் 294-ஆவது பிரிவு பிரித்து எழுதிவைத்தது. பாகிஸ்தானோடும் பாகம் பிரித்தோம். ரொக்கத்தில் அவர்கள் பங்கு 75 கோடி ரூபாய். அதில் 55 கோடியை நிறுத்திவைத்த அரசு, 1948 ஜனவரியில் காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்த நாட்களில் அதையும் கொடுக்க முடிவெடுத்தது. ஆபீஸ் மேஜை நாற்காலி வரைக்கும் பங்கு போட்டார்கள் ஐயா!

ஆனால் ஒரு சொத்து மட்டும் பாகத்துக்கே வரவில்லை. லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த அலுவலகமான இந்தியா ஆபீஸின் நூலகமும் ஆவணங்களும்தான் அது. நூலகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1801-ல் தொடங்கியது. அதை வளர்த்த பணம் யாருடையது? இந்தத் திண்டுக்கல் பக்கத்து நஞ்சையிலும் புஞ்சையிலும் வசூலித்த தீர்வை அது! 1919-ஆம் வருடச் சட்டம் வரும்வரை, லண்டனில் உட்கார்ந்திருந்த இந்தியா மந்திரியின் சம்பளமே நம் வருவாயிலிருந்துதான் போனது. 1955-ல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருசேர அந்த நூலகத்தைக் கேட்டன. கிடைக்கவில்லை. 1982-ல் அது பிரிட்டிஷ் நூலகத்தின் வசம் போய்விட்டது. ஆவணங்கள் மட்டுமே 14 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரிகளில் அடுக்கியிருக்கின்றன. வீட்டைக் கிரயம் செய்து கொடுத்தவர் மூலப்பத்திரத்தைத் தன் பெட்டியிலேயே பூட்டிக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா?

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது. அதன் பிறகு இங்கே ஒவ்வொரு கண்மாயும் கணக்கில் ஏறியது. கர்னல் காலின் மெக்கன்சி என்றொரு அதிகாரி, பின்னாளில் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர், ஊர் ஊராக ஏடுகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தார். சேர்த்தது அவர் பெயரில் இருக்கிறது; ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்கள் நம்மவர்கள். பாளையக்காரரின் பாட்டன் எங்கிருந்து வந்தான், எந்தக் குளத்தை வெட்டினான், எந்தக் கோயிலுக்கு மானியம் விட்டான் என்பதெல்லாம் அவர்கள் எழுதிய வம்சாவளிகளில் பேச்சு நடையிலேயே இருக்கிறது. 1821-ல் அவர் இறந்த பிறகு கம்பெனி அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஒரு பகுதி சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் தங்கிவிட்டது. இன்னொரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறிவிட்டது.

அங்கே பத்திரமாகத்தானே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாமே என்பார்கள். பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சின்னாளபட்டியில் தறியில் உட்காரும் வீட்டுப் பிள்ளை, தன் ஊர்க் கணக்கைப் படிக்க விசா வாங்கி, விமானம் ஏறி லண்டன் போக வேண்டுமா? இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றுக்கும் ஒரே ஏட்டை எப்படிப் பிரிப்பது என்பது ஒரு காலத்தில் நியாயமான சிக்கல்தான். இன்று ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து மூவருக்கும் முழுசாகக் கொடுக்க முடியும். கொடுக்காமலிருக்க அந்தக் காரணம் இனிச் செல்லாது.

ஆகவே தலைவர் அவர்களே, இந்தக் கூட்டத்தின் தீர்மானமாக ஒன்றை முன்மொழிகிறேன். மதுரை, திண்டுக்கல் சீமைகளைப் பற்றி லண்டனில் உள்ள ஒவ்வொரு ஏட்டுக்கும் காகிதத்துக்கும் முழுப் படி, காசு வாங்காமல், எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்துக்கும் வர வேண்டும். அதை நம் அரசு பிரிட்டிஷ் அரசிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். வழிமொழிபவர்கள் கை தூக்குங்கள்.