வேலன்சி வாய் திறந்த விருந்து

காதல் நகைச்சுவை நாவல் என்றதும், பயந்த சுபாவமுள்ள ஒரு பெண், அவளுக்குத் தைரியம் ஊட்ட ஓர் ஆண், கடைசியில் கல்யாணம் என்று நாமே கதையை முடித்துவிடுகிறோம். ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ எழுதிய கனடாக்காரர் எல்.எம். மாண்ட்கோமரி, 1926இல் பெரியவர்களுக்காக ‘தி புளூ காசில்’ என்றொரு நாவலை வெளியிட்டார். அதில் கல்யாணம் உண்டு. தைரியம் ஊட்டுகிற ஆண்தான் இல்லை. நாயகி வேலன்சி பயத்தை உதறியபிறகுதான் காதல் எட்டிப்பார்க்கிறது. நாவலின் உயிரே இந்த வரிசையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஒண்டாரியோவில் டீர்வுட் என்ற கற்பனைச் சிற்றூர். வேலன்சிக்கு 29 வயது, மணமாகவில்லை. ‘டாஸ்’ என்ற செல்லப்பெயரில் கூப்பிடாதீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாலும் அம்மா காதில் ஏறாது. பணக்கார அங்கிள் பெஞ்சமின் விடுகதை போட்டே அவளைக் குத்துவார். அவருடைய உயிலில் இருந்து தன் பெயர் போய்விடுமே என்று பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையில், இதயநோய், ஓராண்டு தாங்கினால் அதிகம் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வருகிறது. யாரிடமும் மூச்சு விடாமல் குடும்ப விருந்துக்குப் போகிறாள். அங்கே வழக்கமான விடுகதை வந்ததும், எத்தனை தடவைதான் இதையே போடுவீர்கள், புதிதாக ஒன்று தேடக்கூடாதா என்று நிதானமாகக் கேட்டுவிடுகிறாள். மேசை உறைந்துபோகிறது. பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உறவினர்கள் முடிவுகட்டுவதுதான் வேடிக்கை. பணிந்து கிடந்தவரை அவர்கள் கணக்கில் அவள் தெளிவாக இருந்தாள், பாருங்கள்! அடுத்து, ஊர் ஒதுக்கிவைத்த சிஸ்ஸி என்ற காசநோய்ப் பெண்ணைக் கவனித்துக்கொள்ள, சம்பளம் பேசி வீட்டைவிட்டுப் போகிறாள். பார்னி என்பவனிடம் மனம் போவது அதன்பிறகே. என்னை மணந்துகொள்வாயா என்று முதலில் கேட்பவளும் அவள்தான்.

சாகப்போகிறவளுக்கு இழக்க என்ன இருக்கிறது, இதெல்லாம் ஒரு துணிச்சலா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவள் அதுவரை அஞ்சியது எதற்கு? ஓர் உயிலுக்கு, உறவினரின் முணுமுணுப்புக்கு. அவை எவ்வளவு அற்பம் என்று காட்டியதோடு கடிதத்தின் வேலை முடிந்தது. அது வேறொரு நோயாளிக்குப் போகவேண்டிய கடிதம் என்பதும் பிற்பாடு தெரியவருகிறது. கடிதம் பொய்த்தாலும், விருந்தில் பேசிய பேச்சு பொய்யாகிவிடவில்லையே.

பார்னி ஒரு மருந்துக் கோடீஸ்வரரின் மகன் என்று முடிவில் தெரிவது தேவதைக் கதைத்தனம்தான், மறுக்கவில்லை. பணமில்லாதவன் என்று நம்பித்தான் அவள் மணந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோடிகளைக் கொண்டு மாண்ட்கோமரி கேலிசெய்வது உறவினர்களை: நேற்றுவரை ஜெயில் பேர்வழி என்று அவனைத் தூற்றியவர்களுக்கு, இன்று அவன் அருமை மாப்பிள்ளை! நூலகத்தில் கிடைத்தால் அந்த விருந்துக் காட்சியையாவது படித்துவிடுங்கள்.