கம்பெனிக்கும் வில்லங்கம் பார்க்கலாம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெக்கானிக்கல் படித்தவனுக்குக் கம்பெனிச் சட்டத்தில் என்ன வேலை?" என்று என் வகுப்புத் தோழர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நியாயந்தான். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சூடு பட்டவன். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

நான் ஜவ்வாது மலைக்காரன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு டூரில் பீமன் அருவியில் குளித்துவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் சாமைச் சோறு சாப்பிட்டவர்கள் சிலர் இங்கேயே இருக்கிறார்கள். அந்தச் சாமையில்தான் என் கதை தொடங்குகிறது.

2019-ஆம் வருஷம். சாமை அறுவடை முடிந்த கையோடு ஒருவர் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளப்பான விசிட்டிங் கார்டு, அதில் கொட்டை எழுத்தில் 'பிரைவேட் லிமிடெட்'. ஊர் வியாபாரி கொடுப்பதைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய் அதிகம் தருவதாகச் சொன்னார். அப்பா சென்னையில் இருந்த எனக்குப் போன் செய்தார். "தம்பி, கார்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். நீ படிச்சவன். கம்பெனி நல்ல கம்பெனியான்னு பாத்துச் சொல்லுப்பா."

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ இடைவேளையில் கார்டைப் பார்த்தேன். அதில் இருந்த வெப்சைட்டைத் திறந்தேன். அழகாக இருந்தது. "நல்ல கம்பெனி மாதிரிதாம்ப்பா தெரியுது" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி எங்கள் ஊரில் பதினோரு குடும்பங்கள் மூட்டையை ஏற்றிவிட்டார்கள். செக் திரும்பி வந்தது. அனுப்பிய கடிதமும் 'இந்த முகவரியில் யாரும் இல்லை' என்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் கம்பெனிப் பதிவேட்டை முதன்முதலாகத் திறந்து பார்த்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தக் கம்பெனி கடைசியாகத் தாக்கல் செய்தது 2012-13 கணக்கு. 2017-லேயே பதிவேட்டிலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். அதாவது செத்துப் போன கம்பெனியின் பெயரில் இரண்டு வருஷம் கழித்து எங்கள் மலைக்கு வந்திருக்கிறார் அந்த மனிதர். அந்தப் பத்து நிமிஷத்தை அப்பா போன் செய்த அன்றைக்கே செலவு செய்திருந்தால்? இந்தக் கேள்வி இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நண்பர்களே, நம் ஊரில் அரை ஏக்கர் நிலம் வாங்குவதென்றால் என்ன செய்கிறோம்? சர்வே நம்பர் கேட்கிறோம். பட்டா, சிட்டா பார்க்கிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கூட "வில்லங்கம் பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்பார். ஆனால் ஒரு கம்பெனிக்குச் சரக்கை அனுப்பும்போதும், அதில் பணம் போடும்போதும், வேலைக்குச் சேரும்போதும் அந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. கம்பெனிக்கும் சர்வே நம்பர் உண்டு, சிட்டா உண்டு, வில்லங்கமும் உண்டு.

இப்படி ஒரு பதிவேடு எதற்காக? 'லிமிடெட்' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. கம்பெனி நொடித்துப் போனால் பங்குதாரர் தன் பங்குத் தொகைக்கு மேல் தரவேண்டியதில்லை. வீட்டை விற்று அடைக்க வேண்டியதில்லை. அவர்களுக்குச் சட்டம் கொடுத்த பெரிய பாதுகாப்பு இது. இந்தியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்ய முதல் சட்டம் 1850-ல் வந்தது. இந்தப் பாதுகாப்பு 1857-ல் வந்தது. பாதுகாப்பு கொடுத்த சட்டம் பதிலுக்கு ஒன்றைக் கேட்டது: நீ யார், எங்கே இருக்கிறாய், உன் கணக்கு என்ன, யாரிடம் கடன் வாங்கியிருக்கிறாய் என்பதை ஊரறிய எழுதி வை. இன்றைய 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 399-ஆம் பிரிவு, அந்த ஆவணங்களை எவரும் பார்வையிடலாம் என்கிறது. கவனியுங்கள், எவரும். பங்குதாரராக இருக்கவேண்டியதில்லை, காரணம் சொல்லவேண்டியதில்லை.

முன்பெல்லாம் இதைப் பார்க்கச் சென்னை ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவனுக்குப் போய், பணம் கட்டி, தூசி தட்டி ஃபைலைப் புரட்டவேண்டும். 2006-ல் எம்.சி.ஏ-21 என்ற திட்டம் வந்து எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. தமிழ்நாட்டில் சென்னையிலும் கோவையிலும் கம்பெனிகள் பதிவாளர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் சென்னைப் பதிவாளரின் கீழ் வருகிறது. ஆனால் தேடுகிற நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்பெனி விவகார அமைச்சகத்தின் ஒரே தளத்தில் நாடு முழுவதும் உள்ள கம்பெனிகள் கிடைக்கும்.

முதலில் எண்ணைக் கேளுங்கள். கம்பெனி தன் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, அடையாள எண் ஆகியவற்றை அச்சிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். சி.ஐ.என் என்று சொல்வார்கள். 21 இலக்கம். மனப்பாடம் செய்யவேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். நம் ஊர் அசோக் லேலண்டை எடுத்துக்கொள்வோம்: எல் 34101 டிஎன் 1948 பிஎல்சி 000105. முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 'யு' என்றால் இல்லை. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. 'டிஎன்' தமிழ்நாடு. 1948 பதிவான ஆண்டு. 'பிஎல்சி' என்றால் பப்ளிக் லிமிடெட். பிரைவேட் லிமிடெட் ஆனால் 'பிடிசி' என்று இருக்கும். கடைசி ஆறும் பதிவு எண்.

அந்தக் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயர் அசோக் மோட்டார்ஸ். 1955-ல் பெயர் மாறியது. ஆனால் 1948 என்ற ஆண்டும் 105 என்ற எண்ணும் இன்றும் அப்படியே நிற்கின்றன. எங்கள் மலையில் காவலூர் வானாய்வு மையம் இருக்கிறது. அங்கே 1988-ல் கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். ஆனால் உலகம் முழுக்க விஞ்ஞானிகளுக்கு அது 4130. பெயர் அழகுக்கு, எண் அடையாளத்துக்கு. கம்பெனியிலும் அப்படித்தான். 'ஸ்ரீ முருகன் ஆக்ரோ' என்று தேடினால் அதே சாயலில் பல பெயர் வரலாம். எண்ணைப் போட்டால் ஒன்றே ஒன்றுதான் வரும்.

அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ளுங்கள். 'கம்பெனி மாஸ்டர் டேட்டா' என்ற பக்கத்தில் எண்ணையோ பெயரையோ கொடுத்தால் விவரம் வரும். இதுதான் கம்பெனியின் சிட்டா. இதில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, நிலை. 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா, 'ஸ்ட்ரைக் ஆஃப்' என்று இருக்கிறதா, கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறதா? 2017-ல் மட்டும் கணக்கே தாக்கல் செய்யாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை நீக்கினார்கள். எங்கள் சாமைக் கம்பெனியும் அதில் ஒன்று.

இரண்டு, கடைசி பேலன்ஸ் ஷீட் தேதி. இது என் கணக்கில் நாடித் துடிப்பு. பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் கணக்கும், 60 நாளில் ஆண்டறிக்கையும் தாக்கலாக வேண்டும். நிலை 'ஆக்டிவ்' என்று இருந்து, தேதி மட்டும் மூன்று நாலு வருஷம் பின்தங்கி இருந்தால் ஜாக்கிரதை.

மூன்று, மூலதனம். இரண்டு தொகை இருக்கும். 'ஆதரைஸ்டு' என்பது போகக்கூடிய உச்சவரம்பு. 'பெய்டு அப்' என்பதே உண்மையில் பங்குதாரர் போட்ட பணம். பத்துக் கோடிக் கம்பெனி என்று முதல் தொகையைச் சொல்லுவார். இரண்டாவது ஒரு லட்சமாக இருக்கும். 2015-க்குப் பிறகு குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் கிடையாது.

நான்கு, டைரக்டர்கள். ஒவ்வொருவருக்கும் 8 இலக்க எண் உண்டு. உங்களிடம் பேசுகிறவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா? இல்லாவிட்டால் தப்பு என்று அர்த்தமில்லை, அவர் அங்கே ஊழியராக இருக்கலாம். ஆனால் கையெழுத்துப் போட அதிகாரம் உண்டா என்று கேட்கவேண்டும்.

ஐந்தாவதுதான் வில்லங்கம். 'சார்ஜ்' என்று ஒரு பகுதி. எந்த வங்கிக்கு எவ்வளவு தொகைக்குச் சொத்து அடமானம், அது தீர்ந்ததா இல்லையா என்று இருக்கும். கடன் இருப்பது குற்றமில்லை. கடன் இல்லாத தொழில் ஏது? ஆனால் எல்லாச் சொத்தும் வங்கிக்குப் போயிருந்தால், நாளைக்கு வம்பு வரும்போது நாம் வரிசையில் எங்கே நிற்போம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கும் மேலே வேண்டுமானால் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டி, அது தாக்கல் செய்த ஆவணங்களைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பார்க்கலாம். நான் அப்படித்தான் அந்தக் கம்பெனி தொடங்கிய காலத்துத் தாள்களை எடுத்தேன். அதில் ஒரு டைரக்டரின் வீட்டு முகவரி இருந்தது. கம்பெனியை நீக்கினாலும் டைரக்டரின் பொறுப்பு நீங்காது என்று 248-ஆம் பிரிவில் இருப்பதை எங்கள் வக்கீல் எடுத்துக்காட்டி அந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஒன்றரை வருஷம் இழுத்து, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பணம் வந்தது. மீதி போனது போனதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவேடு நற்சான்றிதழ் அல்ல. கம்பெனி எழுதிக் கொடுத்ததைப் பதிவாளர் வைத்திருக்கிறார், அவ்வளவுதாங்க. 'ஆக்டிவ்' என்றால் உயிரோடு இருக்கிறது என்று பொருள், யோக்கியம் என்று பொருள் இல்லை. "அரசாங்கத்தில் பதிவு பெற்றது" என்று சொல்லி டெபாசிட் கேட்கிறவர்கள் இந்தக் குழப்பத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். டெபாசிட் வாங்க அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் தனியாகப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று. எல்லாத் தொழிலும் இந்தப் பதிவேட்டில் இருக்காது. தனி முதலாளி கடையும் பார்ட்னர்ஷிப்பும் இதில் இல்லை. பார்ட்னர்ஷிப், சங்கம், சீட்டு நிறுவனம் எல்லாம் மாநிலப் பதிவுத்துறையில் இருக்கும். 1975-ஆம் வருஷச் சங்கங்கள் சட்டத்தில் பதிவான ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தை இதில் தேடினால் கிடைக்காது. பொருளாளர்கள் ஓடிப் போய்விட்டார்கள் என்று பயப்படவேண்டாம். சின்ன வியாபாரியாக இருந்தால் ஜி.எஸ்.டி எண்ணைக் கேட்டு, அந்தத் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆஃபர் லெட்டர் வருகிறது, 'டிரெயினிங் டெபாசிட்' என்று முப்பதாயிரம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லெட்டரில் 21 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். எந்த ஆண்டு பதிவு, யார் டைரக்டர், எந்த முகவரி என்று தேடுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் பிறந்த கம்பெனி "இருபது வருஷப் பாரம்பரியம்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அண்ணன்மார்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். விவசாயிகளே சேர்ந்து கம்பெனி தொடங்க 2002-ல் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். பத்து விவசாயிகள் இருந்தால் 'புரொடியூசர் கம்பெனி' ஆரம்பிக்கலாம். எங்கள் மலையில் சாமை, புளி, தேன், பலா இத்தனையும் இருக்கிறது, நல்ல வழிதான். ஆனால் தொடங்கிய பிறகு தாக்கல் செய்ய ஆள் இல்லை என்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு படிவத்துக்கும் 100 ரூபாய் ஏறும். மூன்று வருஷம் தொடர்ந்து விட்டுவிட்டால் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் ஐந்து வருஷம் எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது. ஏமாற்றியவனுக்கும் ஏமாந்தவருக்கும் பதிவேட்டில் ஒரே முத்திரை. நம் சங்கத்தில் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், கம்பெனி செக்ரட்டரிகள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு உழவர் கம்பெனியை எடுத்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

போன மாசி மாதம் புளி வாங்க ஒருவர் மலைக்கு வந்தார். அப்பா கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க, அந்த இருபத்தோரு எழுத்து நம்பரு எங்க?" என்று கேட்டாராம். ஐந்தாவது வரைக்கும் படித்தவர் என் அப்பா. பொறியாளனாகிய நான் அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ளப் பதினோரு குடும்பங்களின் சாமை செலவாயிற்று. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.