திரை பேசும், கேட்குமா?

நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கும் நண்பர்களே! திருவண்ணாமலைப் பெருமக்களே! வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

இணையத்திலே வருகிற நற்செய்தி இதயத்தைத் தொடுகிறதா, திரையோடு நின்றுவிடுகிறதா? இதுதான் இன்றைய கேள்வி. "கோயில் ஊர்ல வந்து கிறிஸ்தவ ஊழியத்தைப் பத்திப் பட்டிமன்றமா?" என்று வாசலிலே ஒருத்தர் கேட்டார். ஐயா, இந்த ஊர்லதான் பேசணும்! ராஜகோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், நெற்றியிலே திருநீறோடு போய் டேனிஷ் மிஷன் பள்ளியிலே படித்த ஊர் இது.

எதிரணித் தோழி அழகாகச் சொன்னார்கள். "அன்றைக்கு ஊர் ஊராக நடந்தார்கள், இன்றைக்கு யூடியூப்பிலே ஒரு வீடியோ போட்டால் துபாய் வரைக்கும் போகுது" என்றார்கள். நான் மறுக்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. தேவாலயக் கதவுகள் மூடின. அந்த ஆண்டு ஈஸ்டர் ஆராதனையைப் பல குடும்பங்கள் கைபேசியிலேதான் பார்த்தன. அதே ஆண்டு கார்த்திகை தீபத்துக்கு வெளியூர் பக்தர்கள் இங்கே வர முடியவில்லை. அவர்களும் திரையிலேதான் தீபம் பார்த்தார்கள். ஆபத்திலே உதவிய கருவி. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் ஆபத்துக்கு ஏத்தின குளுக்கோஸையே அன்றாடச் சாப்பாடா ஆக்கிக்கலாமா? (கைதட்டல்)

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி. முழங்கால் வலி. கைபேசியிலே போதகர் உருக்கமாக ஜெபிக்கிறார். "சகோதரி, விசுவாசத்தோடு திரையிலே கையை வையுங்கள்!" என்கிறார். பாட்டி வைத்தார். அது தொடுதிரை ஆச்சே! போதகர் போயிட்டார், பிரியாணி மசாலா விளம்பரம் வந்துடுச்சு. பாட்டி பேரனைக் கூப்பிட்டு, "டேய், ஐயா ஜெபத்தைப் பாதியிலே விட்டுட்டுப் பிரியாணி போடப் போயிட்டாருடா!" என்றார். (பலத்த சிரிப்பு)

சிரிக்கிறோம். அந்தப் பாட்டிக்கு வேண்டியிருந்தது என்ன? தைலம் தேய்த்துவிட ஒரு கை. "ராத்திரி தூங்கினீங்களாம்மா?" என்று கேட்க ஒரு வாய். அந்தக் கையும் வாயும் திரைக்கு உண்டா?

வரலாற்றைப் பாருங்கள். 1706 ஜூலையிலே தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு. ஜெர்மானியர், டென்மார்க் மன்னர் அனுப்பியவர். வந்தவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலிலே எழுத்துப் பழகினார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழிலே அச்சிட்டார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. அவரும் உடனிருந்த கிரூண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் நம்பிக்கை என்ன, பழக்கவழக்கம் என்ன என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிலே அச்சேறின. ஐரோப்பியர்களின் நடத்தையைக் கண்டித்தவர்களும் அதிலே உண்டு. திட்டையும் மொழிபெயர்த்து அச்சிட்டார்களே, அது ஊழியம்! இன்றைக்கு வீடியோவுக்குக் கீழே என்ன போட்டிருக்கு? "கருத்துகள் முடக்கப்பட்டுள்ளன!" (சிரிப்பு)

"வானொலியும் கருவிதானே?" என்பார்கள். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ச் சேவை வந்தது. சிற்றலையை விட்டு 2018-ல் இணையத்துக்குப் போனது. அந்த வானொலிக்கும் நேயர்கள் கடிதம் எழுதினார்கள். நிலையத்தார் அதை வாசித்தார்கள். பேசினவர் கேட்கவும் செய்தார்.

யூடியூப் எப்படி நடக்கிறது? நீங்கள் எதை அதிகம் பார்க்கிறீர்களோ, அதையே கொண்டுவந்து கொட்டும். ஜெபம் பார்ப்பவருக்கு ஜெபம். தேவாரம் கேட்பவருக்குத் தேவாரம். அப்புறம் புதுசா யாருக்குப் போகுது நற்செய்தி? வேலி தாண்டிப் போவது பெரும்பாலும் சண்டைதான்! எங்கேயோ ஒருவர் அடுத்தவர் சாமியைக் கேலி பேசுகிறார்; அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பிலே அனுப்புகிறார்கள். அது இந்தத் தெருவுக்கு வந்து சேருது. கிறிஸ்துமஸ் கேக்கும் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையும் மாறி மாறிப் போன குட்டிச்சுவர், மறுநாள் மதிற்சுவராகிப் போகுது. பேசினவருக்குப் பார்வைகள் ஒரு லட்சம். இழந்தவருக்குப் பக்கத்து வீடு! (பலத்த கைதட்டல்)

நிறைவாக ஒன்று. இந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறோம். கால் தளர்ந்தால் பெயர் தெரியாத ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார். மலையைத் திரையிலே பார்க்கலாம். அந்தத் தண்ணீரைத் திரையிலே குடிக்க முடியுமா? எந்த மதத்துச் செய்தியானாலும் பக்கத்திலே நடந்து வருகிறவர் சொன்னால்தான் உள்ளே இறங்கும்.

ஆகவே, நடுவர் அவர்களே, இணையத்துச் செய்தி திரையோடுதான் நின்றுவிடுகிறது என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.