எச்சரிக்கை வந்தது, வாசலில் நின்றவர்கள் இரண்டே பேர்!

(மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட தர்பியா நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்லூரி வளாகத்தில் பாதுகாப்பு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வாட்ச்மேன், கேமரா, அடையாள அட்டை என்று பேசிவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் உங்களை ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் நடந்ததை நாம், குறிப்பாக மதரஸாவில் படித்த என்னைப் போன்றவர்கள், தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

கென்யாவின் வடகிழக்கில் கரிஸ்ஸா என்றோர் ஊர். சோமாலி முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை 2011ல் பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்த்தினார்கள். படிப்பில் பின்தங்கிய பகுதிக்கு அது பெரிய வாய்ப்பு. நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஏராளமாக வந்து விடுதியில் தங்கிப் படித்தார்கள்.

2015 ஏப்ரல் 2, வியாழக்கிழமை. ஃபஜ்ருடைய நேரம். அல்ஷபாப் அமைப்பைச் சேர்ந்த நான்கு பேர் துப்பாக்கியோடு உள்ளே புகுந்தார்கள். ஒரு வகுப்பறையில் அதிகாலைப் பிரார்த்தனைக்குக் கூடியிருந்த கிறிஸ்தவ மாணவர்களைச் சுட்டார்கள். பிறகு விடுதிக்குள் போனார்கள். நீ முஸ்லிமா, இல்லையா என்று கேட்டுப் பிரித்தார்கள். மொத்தம் 148 உயிர்கள்! அதில் 142 பேர் மாணவ மாணவியர். ஒரு மாணவி துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே வந்தார். மீட்க வந்தவர்களைக்கூட அந்தப் பிள்ளை நம்பவில்லை.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை சகோதரர்களே! முந்தின வாரமே நைரோபி பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்கு அறிவிப்பு ஒட்டியது. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தைத் தாக்கத் திட்டம் இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று. வெளிநாட்டுத் தூதரகங்களும் தங்கள் மக்களை எச்சரித்தன. சோமாலியா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கரிஸ்ஸா கல்லூரி வாசலில் அன்றைக்கு ஆயுதத்தோடு நின்ற போலீஸ்காரர்கள் எத்தனை பேர்? இரண்டே பேர்! சிறப்புப் படை 350 கிலோமீட்டருக்கு அப்பால் நைரோபியிலிருந்து வரவேண்டும். விடியற்காலையில் சூடு தொடங்கியது. அவர்கள் வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. அந்தப் படை உள்ளே இறங்கியபின் விஷயம் சிறிது நேரத்தில் முடிந்தது. அதுவரை பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். எச்சரிக்கை தாளில் இருந்தது, வாசலில் இல்லை.

அரசாங்கத்தைக் குறை சொல்வது சுலபம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு எழுந்து போய்விடாதீர்கள்.

சுட்டவர்களில் ஒருவன் யார் தெரியுமா? நைரோபி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவன். படிப்பறிவில்லாத பையன் அல்ல. அவனுடைய தகப்பனார் மந்தேரா பகுதியில் அரசு நியமித்த உள்ளூர் நிர்வாகி. மகன் காணாமல் போனதும் அந்த மனிதர் மூடி மறைக்கவில்லை. என் மகனைக் காணோம், சோமாலியாவுக்குப் போயிருப்பான் என்று பயப்படுகிறேன் என்று அதிகாரிகளிடம் சொன்னார். ஒரு தகப்பன் தன் மகனைப் பற்றி அப்படிச் சொல்வது சாதாரண விஷயமா? நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நாலு பேருக்குத் தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்றுதானே வாயை மூடுவோம்!

இன்னொன்றையும் சொல்கிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தத் தாக்குதலைத் திட்டமிட்டவன் என்று கென்யா அறிவித்த முஹம்மது குனோ அதே கரிஸ்ஸாவில் மதரஸா நடத்தியவன். உஸ்தாத் என்று பிள்ளைகள் ஸலாம் சொன்ன மனிதன்! பிள்ளையை ஓத அனுப்புகிறோம், யார் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறோமா? என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. தாக்குதல் நடந்த சில நாட்களில் கென்ய அரசு 13 சோமாலிப் பணப் பரிமாற்ற நிறுவனங்களை மூடியது. வெளியூரில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய ஏழைகள் தவித்துப் போனார்கள். மனித உரிமை அமைப்புகளின் வங்கிக் கணக்குகளைக்கூட முடக்கி, அவர்கள் நீதிமன்றம் போய்த்தான் மீட்டார்கள். கல்லூரியும் மூடப்பட்டது, 2016 ஜனவரியில்தான் திறந்தது. மாணவர்களை நம்பிக் கடை வைத்திருந்த கரிஸ்ஸா முஸ்லிம் வியாபாரிகள் கல்லாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முஸ்லிம்களுக்காக என்று சொல்லிச் சுட்டவன் முஸ்லிம்களுடைய அடுப்பையும் அணைத்துவிட்டுப் போனான்.

சரி, எல்லோரையும் சந்தேகப்பட்டால் பாதுகாப்பு வந்துவிடுமா? தாடியைப் பார்த்தும் பெயரைப் பார்த்தும் சந்தேகப்படுவதன் வலி நமக்குத் தெரியும். அதே மந்தேரா பாதையில் 2015 டிசம்பரில் ஒரு பஸ்ஸை நிறுத்தி, முஸ்லிம்கள் தனியே வாருங்கள் என்றார்கள். பஸ்ஸிலிருந்த முஸ்லிம்கள் பிரிய மறுத்தார்கள். நம் பெண்கள் தங்கள் தலைத்துணியைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கொடுத்து மறைத்தார்கள். ஸலாஹ் ஃபாரா என்ற ஆசிரியர் அதில் குண்டடிபட்டு, அடுத்த மாதம் மரணித்தார். அந்தப் பெண்களையும் ஆளைப் பார்த்துத்தான் எடைபோட்டிருப்பீர்களா?

வீண் பயமும் ஆளைக் கொல்லும். கரிஸ்ஸா நடந்து பத்தே நாளில் நைரோபி பல்கலைக்கழகத்தின் கிகுயு வளாக விடுதியில் விடியுமுன் மின்சாரக் கோளாறால் வெடிச் சத்தம். தாக்குதல் என்று எண்ணி மாடியிலிருந்து குதித்தார்கள். ஒரு மாணவர் இறந்தார், நூற்றுக்கும் மேல் காயம். நவம்பரில் ஸ்ட்ராத்மோர் பல்கலைக்கழகத்தில் ஒத்திகை என்று துப்பாக்கிச் சத்தம் எழுப்பினார்கள். ஒத்திகை என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. ஓர் ஊழியப் பெண்மணி குதித்து உயிர்விட்டார். பாதுகாக்க நடத்திய ஒத்திகையில் ஒரு ஜனாஸா!

ஆகவே மாணவத் தம்பிகளே, உங்கள் விடுதிக்கு எத்தனை வாசல்? ராத்திரி பின்வாசல் சாவி யாரிடம்? நான் போய்ப் பார்த்த ஒரு விடுதியில் பின்வாசலில் துருப்பிடித்த பூட்டு. சாவி எங்கே என்றேன். வார்டனுக்கே தெரியவில்லை! தீ பிடித்தாலும் அந்தப் பிள்ளைகள் ஒரே வாசலில்தான் முட்டிமோத வேண்டும். ஒத்திகை வைத்தால் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். மிரட்டல் பற்றி ஒரு செய்தி வந்தால் அதை நாலு பேருக்கு அனுப்பிப் பீதியைக் கிளப்பாதீர்கள். தீர விசாரிப்பது நமக்கு மார்க்கக் கடமை. வார்டனிடமும் காவல்நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கூடப் படிக்கும் பையன் திடீரென்று ஒதுங்கினால், யாரோ அவனை ரகசியமாக அழைத்துப்போனால், முதலில் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிடி கொடுக்கவில்லை என்றால் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

மஃரிபுக்கு நேரமாகிவிட்டது. விடுதியில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பெற்றோர், தொழுகை முடிந்ததும் பிள்ளை பெயரையும் கல்லூரிப் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு நாலைந்து பேராகச் சேர்ந்து அந்த விடுதிகளுக்குப் போகிறோம். வண்டி வைத்திருப்பவர்களும் பெயர் கொடுங்கள்.