படிக்க நேரமில்லையா?

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



இவ்வாசகசாலையின் ஆண்டு விழாவில் படிப்பதன் நன்மையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறோம். படிப்பதன் நன்மையைப் பற்றிப் பேசுவது வீண் வேலை என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால், படிப்பது கெடுதி என்று வாய்விட்டுச் சொல்லுகிறவர் இன்று யாரும் இல்லை. யாரைக் கேட்டாலும், "படிக்கவேண்டியதுதான், ஆனால் நேரமில்லை" என்கிறார்கள். ஆலையில் வேலை செய்கிறவருக்கு நேரமில்லை. கடை வைத்திருக்கிறவருக்கு நேரமில்லை. ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் நேரமில்லை. ஆகையால் நன்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த "நேரமில்லை" என்னும் பேச்சையே இன்று கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

இப்படிச் சொல்லுகிறவர்களில் இரண்டு வகையார் உண்டு. ஒரு வகையாருக்கு வாஸ்தவமாகவே நேரமில்லை. அவர்களுடைய நேரம் பிறரால் பிடுங்கப்பட்டுவிட்டது. மற்றொரு வகையாருக்கு நேரம் இருக்கிறது; ஆனால் அது போகிற வழி அவர்களுக்கே தெரியவில்லை. இந்த இருவரையும் ஒன்றாக வைத்து, "சோம்பேறிகளே, படியுங்கள்!" என்று உபதேசம் செய்வது யோக்கியமாகாது. பிடுங்கப்பட்டவனுக்கு உபதேசம் எதற்கு? அவனுக்கு வேண்டியது பிடுங்கினவனிடமிருந்து திரும்ப வாங்கும் வழி.

முதலாவதாக, ஏழைக்குப் படிக்கும் நேரத்தை எவரும் தானமாகக் கொடுத்ததில்லை என்பதை நீங்கள் நன்றாய் உணரவேண்டும். இந்நாட்டில் உழைக்கிறவன் படிக்கவே கூடாது என்று சாஸ்திரமே எழுதி வைத்திருந்தார்கள். அது தளர்ந்த பிறகு, படிக்கலாம், ஆனால் நேரம் கிடையாது என்று ஆலைச் சங்கு சொல்லிற்று. 1922-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆலைத் தொழிலாளி வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை செய்யலாம். 1934-இல் அது 54 ஆயிற்று. 1946-இல் 48 ஆயிற்று; 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலும் அந்த 48 நிலைத்தது. இப்படி 24 வருஷத்தில் வாரத்துக்கு 12 மணி நேரம் தொழிலாளி கைக்குத் திரும்பி வந்ததென்றால், அது முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. 1923-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதி சிங்காரவேலர் அவர்கள் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதல் மே தினம் கொண்டாடியது போன்ற காரியங்களாலும், எத்தனையோ வேலை நிறுத்தங்களாலும் வந்தது. 2023-ஆம் வருஷத்தில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடங்கொடுக்கும் மசோதா ஒன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியதும், எதிர்ப்புக் கிளம்பி அது வாபஸ் வாங்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். வேலை நேரம் நீண்டால் முதலில் குறைவது சோறு அல்ல, தூக்கங்கூட அல்ல, படிப்புத்தான். ஆகவே வேலை நேரத்துக்காகச் சண்டையிடுகிறவன் புத்தகத்துக்காகவும் சண்டையிடுகிறான்.

நிற்க, "கை வேலையாயிருக்கும்போது எப்படிப் படிப்பது?" என்று கேட்கலாம். இதற்குக் கியூபா தேசத்துச் சுருட்டுத் தொழிலாளிகள் வெகு காலத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். 1865-ஆம் வருஷம் ஹவானா நகரத்தில் எல் பிகரோ என்னும் சுருட்டுத் தொழிற்சாலையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சுருட்டுச் சுற்றுவதற்குக் கையும் கண்ணும் வேண்டும். காது சும்மாதானே இருக்கிறது? ஆதலால் தொழிலாளிகளில் ஒருவர் உரக்கப் படிப்பது, மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்பது, படிக்கிறவருக்குக் குறைகிற கூலியை மற்றவர்கள் தங்கள் கூலியிலிருந்து ஈடு செய்வது என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே, அதாவது 1866-இலேயே, அங்கு ஆண்ட ஸ்பெயின் தேசத்து அதிகாரி அப்படிப் படிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். பிற்பாடு அவ்வழக்கம் மறுபடி தலைதூக்கி, கியூபாக்காரர் குடியேறிய அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்கும் போயிற்று. அங்கே படிக்கிறவருக்கென்று உயர்ந்த மேடையே கட்டினார்கள். பத்திரிகையும் படித்தார்கள், நாவலும் படித்தார்கள். எந்த நாவல் படிப்பது என்பதைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டுத் தீர்மானித்தார்கள். சம்பளமும் அவர்களே கொடுத்தார்கள். 1931-ஆம் வருஷத்தில் டாம்பா முதலாளிகள், இந்தப் படிப்பினால் தொழிலாளிகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லி மேடையைப் பிடுங்கிவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் ரேடியோ வந்தது.

தோழர்களே! இதில் ஒன்றைக் கவனியுங்கள். படிக்கிறதனால் சுருட்டுக் குறைந்ததென்பதல்ல அவர்களுடைய பயம். கேட்கிறவன் யோசிப்பான், யோசிக்கிறவன் கேள்வி கேட்பான் என்பதுதான் பயம். ரேடியோ வந்தபோது அவர்களுக்கு அந்தப் பயமில்லை. ஏனென்றால் அதில் என்ன பேசவேண்டுமென்று தீர்மானிப்பவன் தொழிலாளி அல்ல. இதே வழக்கம் நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்துக் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளிகளிடமும் இருந்தது. ஒருவர் பத்திரிகையும் புத்தகமும் வாசிக்க, மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள். நம் தமிழ்நாட்டிலும் டீக்கடை பெஞ்சியிலும் முடி திருத்தும் நிலையத்திலும் ஒருவர் பத்திரிகை படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டுத்தானே எத்தனையோ ஊர்களில் புது எண்ணங்கள் பரவின? அவர்களுக்கெல்லாம் நேரம் மிச்சமாய்க் கிடந்ததா?

இனி, நேரம் இருந்தும் இல்லை என்கிற இரண்டாவது வகையாரிடம் வருவோம். இவர்களிடம் நாம் கணக்குக் கேட்கலாம். ராகுகாலம் என்று தினம் ஒன்றரை மணி, எமகண்டம் என்று தினம் ஒன்றரை மணி, ஆக 3 மணி நேரம் நல்ல காரியம் எதுவும் தொடங்கக்கூடாது என்று பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருக்கிறவர்கள் உண்டல்லவா? வாரத்துக்கு இது 21 மணி நேரம். இத்தனை நேரத்தைக் கிரகத்துக்குக் கொடுக்க முடிந்தவர், புத்தகத்துக்கு அரை மணி இல்லை என்றால் நாம் நம்பவேண்டுமா? நமது யோசனை என்னவென்றால், காத்திருப்பதுதான் காத்திருக்கிறீர்கள், அந்நேரத்தில் ஒரு புத்தகத்தையாவது கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். கொஞ்ச நாளில் ராகுகாலம் பார்க்கிற வழக்கம் போய்விடும். படிக்கிற வழக்கம் நின்றுவிடும்.

அப்புறம் கைபேசி. பஞ்சாங்கம் பார்க்காத பகுத்தறிவுக்காரரும் இதில் தப்புவதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரேஷன் கடையில் நிற்கும்போது, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, படுக்கையில் தலை சாய்த்த பிறகு, அந்தக் கண்ணாடித் துண்டை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறோம். அரைமணிக்குப் பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை. அதைத் தூக்கி எறியும்படி நாம் சொல்ல வரவில்லை. அதிலேயே நல்ல புத்தகங்களும் கிடைக்கின்றன. ஆனால் அது நம் கையில் இருக்கிறதா, நாம் அதன் கையில் இருக்கிறோமா என்பதை ஒவ்வொருவரும் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் படிக்க 2 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுவோம். தினம் 20 நிமிஷம் படித்தால் 10 பக்கம். வருஷத்துக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகங்களாகக் கணக்கிட்டால் 18 புத்தகம் படித்து மேலும் கொஞ்சம் மீதியிருக்கும். பத்து வருஷத்தில் ஒரு பெட்டி நிறையப் புத்தகம். இதற்கு லீவு போடவேண்டாம், தனி அறை வேண்டாம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால்தான் படிப்பேன் என்று உட்கார்ந்திருப்பவன் ஒருநாளும் படிக்கப் போவதில்லை.

அமெரிக்காவில் கான்சஸ் மாகாணத்தில் ஜிரார்ட் என்னும் சிற்றூரிலிருந்து ஹால்டமன்-ஜூலியஸ் என்பவர் 1919 முதல் சட்டைப் பையில் அடங்கும்படியான சிறு நீலப் புத்தகங்களை வெளியிட்டார். வெகு காலம் அதன் விலை 5 சென்ட்டுத்தான். விஞ்ஞானம், சரித்திரம், மத விசாரணை, நாடகம் எல்லாம் அதில் வந்தன. கோடிக்கணக்கில் விற்றன. லண்டனில் பகுத்தறிவுப் பத்திரிகைச் சங்கத்தார் 1902 முதலே பெரிய விஞ்ஞானிகளின் நூல்களை 6 பென்ஸுக்குப் போட்டார்கள். இவர்கள் கண்டுபிடித்த உண்மை என்னவென்றால், உழைக்கிறவனுக்குப் புத்தகத்தின் விலையும் சிறியதாக இருக்கவேண்டும், அளவும் சிறியதாக இருக்கவேண்டும் என்பதுதான். பீரோவில் இருக்கும் பெரிய புத்தகத்தைவிடப் பையில் இருக்கும் சிறிய புத்தகமே படிக்கப்படும்.

அன்றியும், புத்தகத்தைக் கண்டு பக்தி கொள்ளுவதையும் விட்டுவிட வேண்டும். பூசைக்கென்று ஒருநாள் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைத்து, அன்றைக்கு அதைத் தொட்டுப் படிக்கவே கூடாது என்று வைத்திருக்கிற நாட்டில் நாம் இருக்கிறோம். புத்தகம் ஒரு கருவி. அரிவாள் எப்படியோ அப்படி. பத்துப் பக்கம் படித்துப் பிரயோஜனமில்லை என்று கண்டால் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். பாவம் ஒன்றும் வராது. எழுதினவன் எவ்வளவு பெரியவனானாலும், "இது எப்படித் தெரியும்? இதற்கு என்ன ஆதாரம்?" என்று ஓரத்தில் கேள்வி போட்டுப் படியுங்கள். நாம் இங்கு பேசுவதையும் அப்படியே விசாரித்துத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்போது தாய்மார்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் பேச்சு முழுப் பொய்யாகிவிடும். இந்த நாட்டு அரசாங்கப் புள்ளிவிவர இலாகா 2019-இல் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. வித்தியாசம் முன்பு 202 நிமிஷம், பின்பு 201 நிமிஷம். ஐந்து வருஷத்தில் ஆண் மக்கள் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு நிமிஷம்! இதிலும் அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆண்கள் சேரவில்லை; ஏதாவது ஒரு வீட்டு வேலை செய்த ஆண்களுடைய சராசரிதான் இது. வீட்டில் ஆண் நாற்காலியில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறான் என்றால், அந்த நேரம் வானத்திலிருந்து விழவில்லை. அந்த வீட்டுப் பெண்ணிடமிருந்து எடுத்தது. முதலாளி தொழிலாளியின் நேரத்தை எடுப்பது அக்கிரமம் என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டில் நாமே முதலாளியாய் உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்? சாம்பார் வைக்கவும் பாத்திரம் துலக்கவும் ஆண் கைக்குத் தெரியாதா? இங்கு வந்திருக்கிற பெண்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை பேர் என்று திரும்பிப் பாருங்கள். வராத பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சிலர், "படித்து என்ன ஆகப் போகிறது? படித்தவனெல்லாம் யோக்கியனாகவா இருக்கிறான்?" என்று கேட்கலாம். வாஸ்தவந்தான். படித்தவர்களிலும் அயோக்கியர்கள் இருக்கிறார்கள். ஆனால் படிக்காதவன் அந்த அயோக்கியனுக்கே இரையாகிறான். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று பாராமல் கையெழுத்துப் போடுகிறவன் யார்? சம்பளச் சீட்டில் எதற்காகப் பிடித்தார்கள் என்று தெரியாமல் இருப்பவன் யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரிக்க ஓடுகிறவன் யார்? எழுத்துத் தெரிந்தும் படிக்கும் வழக்கம் விட்டுப்போனவனும் இதில் சேர்ந்தவனே. படிக்காதவன் பிறர் சொல்லைக் கொண்டு வாழவேண்டியவன். அந்தப் பிறர் யோக்கியராயிருக்க வேண்டுமென்று காத்திருக்க வேண்டியவன்.

கடைசியாக, நூலகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1931-ஆம் வருஷத்திலேயே மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாய்க் கொண்டுபோனார்கள். அதே வருஷத்தில் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், படிக்கிறவனுடைய நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது ஒன்று. 1948-இல் சுதந்திர இந்தியாவிலே முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுத்து வருகிறோம். ஆகவே நூலகம் தர்ம சத்திரம் அல்ல. நம் காசில் நடப்பது. எந்த ஊரிலாவது நூலகம் வேலைக்காரன் போன பிறகு திறந்து அவன் திரும்புமுன் மூடுகிறதென்றால், அவ்வூரார் கூடி, இரவு 9 மணி வரை திறந்து வை என்று கேட்கவேண்டும். வரி கொடுத்தவனுக்குக் கேட்க உரிமையுண்டு.

தோழர்களே! இந்த வாசகசாலையிலேயே மூன்று காரியம் உடனே செய்யலாம். தினம் மாலை அரை மணி நேரம் ஒருவர் உரக்கப் படிப்பது. கண் மங்கிய பெரியவர்களும் எழுத்துத் தெரியாதவர்களும் கேட்பது. என்ன படிப்பது என்பதைக் கேட்பவர்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பது. இரண்டாவது, வாரத்தில் ஒருநாள் மாலை பெண்களுக்கென்றே வைப்பது. அன்று வீட்டில் உலை வைப்பது ஆண்கள் வேலை. மூன்றாவது, பையில் அடங்கும் சிறு புத்தகங்களாகப் பார்த்து வாங்கி, வேலைக்குப் போகிறவர்கள் காலையில் எடுத்துப் போகும்படி கதவோரமே வைப்பது. இதற்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. இங்கு மாலைக்கும் மைக்குக்கும் ஆன செலவு போதும். அடுத்த ஆண்டு விழாவில் எவரும் வந்து படிப்பின் பெருமையைப் பேச வேண்டாம். இவ்வருஷம் எத்தனை பக்கம் உரக்கப் படித்தோம், எத்தனை பெண்கள் வந்தார்கள் என்னும் கணக்கை மட்டும் செயலாளர் படிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.