கைத்திறனுக்குக் கடுதாசி வேண்டும்!

(கட்டுகஸ்தோட்டையில் வீட்டு வர்ணவேலைக் கொந்தராத்துக்காரரும் தொழிலாளரும் ஊர்ப் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மேடையேறினால் அரசியலமைப்பைப் பற்றிப் பேசிப் பழகியவன் நான். இன்றோ வாளியையும் தூரிகையையும் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "வக்கீலுக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் வினவக்கூடும். உழைத்தவன் கூலி உழைத்தவன் கைக்குச் சேராத நாட்டில் வேறு எந்த உரிமையைப் பேசினாலும் அது வெறும் பேச்சே என்பதுதான் எனது விடை.

யாழ்ப்பாணத்துப் பெருவழியிலிருந்து குருநாகல், புத்தளம் செல்லும் வழி பிரிகின்ற சந்தி இக் கட்டுகஸ்தோட்டை. விடிந்ததும் பஸ்சிலிருந்து தூரிகையும் வாளியுமாக இறங்குவோரை நீங்கள் காண்கின்றீர்கள். அவர்களுள் தோட்டத்து லயத்தில் பிறந்த நமது பிள்ளைகள் எத்தனை பேர்! கொழுந்துக் கூடையை விட்டுத் தூரிகையைப் பிடித்தவர்கள் அவர்கள். பாட்டன்மாரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்கும் அதனை வழங்கியது. குடியுரிமைக் கடுதாசி கிடைத்துவிட்டது. தொழிலுரிமைக் கடுதாசி இன்னும் கிடைக்கவில்லை.

அண்மையில் ஒருவர் என்னிடம் வந்தார். இருமாடி வீடொன்றுக்கு உள்ளும் புறமும் பூசி முடித்தவர். பாதிப் பணம் கிடைத்தது. மீதிக்கு "அடுத்த மாதம்" என்ற சொல் மட்டுமே கிடைத்தது. எழுத்து ஒன்றும் இல்லை. பதினான்கு மாதம் கழித்து என்னிடம் வருகின்றார். நான் என்ன செய்வேன்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், செய்த வேலைக்கும் கூலிக்கும் உரிய வழக்கை, பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்கவேண்டும் என்கின்றது. எழுத்திலான ஒப்பந்தம் இருந்திருப்பின் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அரைத்தாள் கடுதாசி இல்லாமையால் ஐந்தாண்டுகளை இழந்தார் அம்மனிதர். அவர் கண்ணீரைக் கண்ட அன்றுதான் இக்கூட்டத்துக்கு வர இசைந்தேன்.

"வர்ணம் பூச லைசென்ஸ் வேண்டுமா?" என்று பலர் கேட்கின்றனர். ஒரே சீட்டில் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். வேண்டிய கடுதாசிகள் நான்கு.

முதலாவது, வியாபாரப் பெயர்ப் பதிவு. 1918ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்ட இப்பதிவைப் பிரதேச செயலகத்தின் வழியாகப் பெறலாம். இரண்டாவது, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ். பள்ளி ஏறாதவரும், செய்து பழகிய திறனைப் பரீட்சகர் முன் காட்டி இதனைப் பெற வழி உண்டு. மூன்றாவது, 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு. பாடசாலை, வைத்தியசாலை போன்ற அரசாங்க வேலைகளைக் கேட்போருக்கு இது வாயிற்கதவு. நான்காவது, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு. ஒருவரையேனும் கூலிக்கு வைத்திருப்பவர் இதிலிருந்து தப்ப முடியாது.

விண்ணப்பம் சிங்களத்தில் இருந்தால் வாய்மூடித் திரும்பாதீர்கள். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பின்னர், கண்டியிலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. கேளாத உரிமை துருப்பிடித்த கத்தி போன்றது.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். சட்டப்படி நடக்கும் கொந்தராத்துக்காரர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12ம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3ம் தம் கையிலிருந்து கட்டவேண்டும். கூலி ஓர் இலட்சமாயின் இது பதினையாயிரம் ரூபா. கட்டாதவர் அத்தொகையைக் குறைத்து விலை கூறுகின்றார். வேலையும் அவருக்கே போகின்றது. வீட்டுக்காரரே! நீங்கள் மிச்சம்பிடித்தது வர்ணத்திலா? இல்லை, சாரத்தின் மேல் நிற்பவனின் முதுமைக் காலத்தில் மிச்சம்பிடித்தீர்கள்!

பொருள் விலையோ நம் கையில் இல்லை. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. இறக்குமதி மூலப்பொருளை நம்பிய வர்ணம் விலையேறாமல் இருக்குமா? 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரியும் நூற்றுக்கு 18 ஆயிற்று. பொருளும் கூலியும் சேர்த்து ஒரே விலை பேசியவர்கள் கைப்பணத்தை இழந்தார்கள். ஆகவே கூலியை வேறாகவும் பொருளை வேறாகவும் எழுதுங்கள். இவ்விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் எழுதுங்கள்.

கண்டியின் வானத்தையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் பூசினால் அடுத்த ஆண்டே பாசியும் பூஞ்சணமும் ஏறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மாவட்டத்தை வருத்திய பின்னர் அவசரப்பட்டு ஈரச்சுவருக்கு மேல் பூசியவர்களின் பூச்சுத் தோலுரியும். மழைநாளுக்கு யார் பொறுப்பு என்பதும் கடுதாசியில் இருக்கட்டும்.

இன்னுமொன்று. பழைய எனமல் பூச்சில் ஈயம் இருக்கும். 2013 முதல்தான் இந்நாட்டில் அதற்கு எல்லை விதிக்கப்பட்டது. பழங்கதவைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், மூக்கையும் வாயையும் மூடுங்கள். அத்தூசு உங்கள் உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, உங்கள் குழந்தையின் வாய்க்குள் செல்லும்.

இங்கு வந்திருக்கும் கமக்காரப் பெருமக்களே! தம்புள்ளைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றியவர்களுக்குத் தரகர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை. விளைவித்தவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே கைகள் பெருகப் பெருக விளைவித்தவன் பங்கு சுருங்கும். வர்ணவேலையிலும் கொந்தராத்து மூன்று கை மாறி, சாரத்தில் நிற்பவனிடம் வரும்போது எலும்பே எஞ்சுகின்றது. உங்கள் துன்பமும் இவர்கள் துன்பமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முடிவாகக் கூறுகின்றேன். ஆசிரியரே, வைத்தியரே, எழுதுவினைஞரே! வேலை தொடங்குமுன் அரைத்தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள்: எத்தனை சதுர அடி, எத்தனை பூச்சு, எந்த வர்ணம், எந்நாளில் எவ்வளவு பணம். அது உங்களுக்கும் காவல். தொழிலாளத் தோழர்களே! பணம் தடைப்பட்டால் ஓராண்டு ஓடும்வரை காத்திராதீர்கள். மத்தியஸ்த சபையின் கதவைத் தட்டுங்கள். தனித்தனியே விலையைக் குறைத்து ஒருவரையொருவர் வீழ்த்தாதீர்கள். சங்கமாகக் கூடி, குறைந்த கூலி இதுவென்று நீங்களே வரையுங்கள்.

ஊரார் சுவரெல்லாம் உங்கள் கையால் ஒளிபெறுகின்றன. உங்கள் வீட்டு அடுப்பும் எரியவேண்டும். அதற்கு முதற்படி ஒரு பேனையும் ஒரு கடுதாசியும்!