நச்சுயிரி நோயும் மூவகை ஆய்வும்

(பெரம்பூரில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த முறை யாவரும் அறிந்ததே. நோய் இன்னதெனத் தெளிதல் முதற்படி. அதன் காரணத்தைத் தேர்தல் அடுத்த படி. தணிக்கும் வழியைக் காணுதல் அதற்கும் அடுத்த படி. மருத்துவம் செய்வது இவற்றிற்குப் பின்னரே. நோயைத் தெளியாமல் கொடுக்கும் மருந்து இருட்டில் எறிந்த கல்லேயன்றோ?

சித்த மருத்துவர்கள் நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வால் உடலைப் படித்தறிந்தனர். ஆயினும், 2020-ஆம் ஆண்டில் உலகை உலுக்கிய கொரோனா நச்சுயிரி புலன்களுக்கு அகப்படும் பகையன்று. ஒரு மில்லி மீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ ஒரு கூறளவே அதன் பருமன். அதனைச் சுமந்தவருள் பலர்க்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நலமுடையவராய்த் தோன்றியவர்களும் பிறர்க்கு நோயைக் கொடுத்தனர். எனவே, அதனைக் கருவி கொண்டே காணவேண்டியதாயிற்று.

அவ்வாண்டின் கோடையில் இராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூரை உள்ளடக்கிய திரு.வி.க. நகர் ஆகிய மண்டலங்களில் நோய் கடுமையாகப் பரவியது. ஓரறை வீட்டில் ஐவரும் அறுவரும் உறங்கும் தெருக்கள் இவை. நாட்கூலியை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் இவை. இத்தகைய வீட்டில் ஆய்வுச் சீட்டு என்பது வெறுந்தாளன்று. தந்தை தன் குழந்தையின் அருகில் படுக்கலாமா, மகன் வேலைக்குப் போகலாமா, முதியவளுக்குச் சோறூட்டுவது யார் என்பவற்றையெல்லாம் அச்சீட்டே முடிவு செய்தது. அதன் பொருளை மருத்துவர் அறிந்தால் மட்டும் போதுமா? பெற்றுக்கொண்டவரும் அறியவேண்டாவா?

ஆய்வுகள் மூவகைப்படும். மூன்றும் மூன்று வெவ்வேறு வினாக்களுக்கு விடை சொல்வன.

முதலாவது, 'ஆர்.டி.பி.சி.ஆர்.' என வழங்கும் ஆய்வு. படிபெருக்க ஆய்வு என இதனைத் தமிழில் கூறலாம். மூக்கினுள்ளும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த சளியில் நச்சுயிரியின் மரபணுத் துணுக்கு உள்ளதா என இது தேடுகிறது. துணுக்கு மிகச் சிறிதாகையால், நொதியின் துணையோடு அதனைப் படியெடுத்துப் பெருக்குகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும்; இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டங்களில் நெல்லை இரட்டித்து வைக்கக் கேட்ட பழங்கதையை நினைவிற் கொள்க. பத்துச் சுற்றில் 1,024. இருபது சுற்றில் பத்து இலக்கத்திற்கு மேல். முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேல்! இப்பெருக்கு முறையை 1983-இல் கண்டறிந்த அமெரிக்க வேதியியலறிஞர் காரி முல்லிசு 1993-இல் நோபல் பரிசு பெற்றார். கொரோனா நச்சுயிரியின் மரபணு வரிசை 2020 சனவரியில் வெளியானமையால், அம்மாதத்திலேயே அதற்குரிய ஆய்வு உருவாயிற்று. மூன்றனுள் நுட்பத்தால் தலையாயது இதுவே. ஆயினும், இதற்கும் ஓர் எல்லை உண்டு. உயிர்ப்பற்ற நச்சுயிரியின் எச்சத்தையும் இது காட்டும். ஆதலின், நலமடைந்து சில கிழமைகள் கழிந்தவர்க்கும் 'உண்டு' என்று சீட்டு வருதல் கூடும்.

இரண்டாவது, 'ஆன்டிசன்' ஆய்வு எனப்படும் நச்சுயிரிப் புரத ஆய்வு. இதில் படியெடுத்துப் பெருக்கும் வேலையில்லை. சளியில் நச்சுயிரியின் புரதம் இருந்தால், அட்டையில் கோடு தோன்றும். அரைமணி நேரத்தில் முடிவு தெரியும், செலவும் குறைவு. ஆனால், நச்சுயிரி மிகுதியாக இருந்தால்தான் கோடு விழும். கோடு விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம். விழாவிட்டால் நோயில்லை என்று துணிதல் தகாது. அறிகுறி உடையவர்க்கு இவ்வாய்வு 'இல்லை' எனக் காட்டினால், படிபெருக்க ஆய்வும் செய்தல் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இலேயே அறிவுறுத்தியது இதனாலேயே.

மூன்றாவது, குருதியில் செய்யும் எதிர்ப்பொருள் ஆய்வு. இது பகையைத் தேடுவதன்று. பகையை எதிர்க்க உடல் ஆக்கிய படையைத் தேடுவது. அப்படை திரள ஒன்றிரண்டு கிழமைகள் ஆகும். ஆதலின், இன்று நோயுண்டா என்று இதனைக் கேட்பது, போர் முடிந்த களத்தில் நின்று பகைவன் எப்போது வருவான் என்று கேட்பதை ஒக்கும். 2020 ஏப்பிரலில் சீனத்திலிருந்து வாங்கிய விரைவு எதிர்ப்பொருள் கருவிகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டமையால், இரு நிறுவனங்களின் கருவிகளைத் திருப்பியனுப்புமாறு அக்கழகமே மாநிலங்களைப் பணித்தது.

எனின், இவ்வாய்வு பயனற்றதா? அன்று. வினா மாறினால் பயனும் மாறும். 2020 சூலையில் சென்னை மாநகராட்சியும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் 12,405 பேரின் குருதியை ஆராய்ந்தன. மாநகரில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர்க்கு எதிர்ப்பொருள் இருந்தது. தண்டையார்பேட்டையில் மட்டும் 44 பேர்க்கு இருந்தது! நோய் எத்தெருக்களில் எவ்வளவு பேரைத் தொட்டுச் சென்றது என்பதைச் சளி ஆய்வால் காணவியலாது. அதனைக் காட்டியது எதிர்ப்பொருள் ஆய்வே.

இனி, 'இல்லை' என்னும் சொல்லின் எடையைச் சிறிது ஆராய்வோம். படிபெருக்க ஆய்வு எத்தனை பேரைத் தவறவிடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் கணக்கிட்டனர். அறிகுறி தோன்றிய நாளில் நோயுற்ற நூற்றுவருள் ஏறத்தாழ 38 பேர்க்கு 'இல்லை' என்று வந்தது. மூன்று நாள் கழித்து எடுத்தபோதும் 20 பேர்க்கு அவ்வாறே வந்தது. தொற்றிய முதல் நாளிலோ ஒருவரையும் அது காட்டவில்லை. ஆகவே, 'இல்லை' என்பதன் பொருள் 'இப்போது, இவ்விடத்தில், இவ்வாய்வுக்கு அகப்படவில்லை' என்பதே. நேற்று நோயாளியுடன் உண்டவர் இன்று ஆய்வு செய்து, 'இல்லை' என்ற சீட்டோடு முதிய தாயைக் காணச் செல்வாராயின், சீட்டு பொய் சொன்னதாகாது; கேட்ட காலமே பிழை.

'உண்டு' என்பதும் ஆராய்தற்குரியதே. ஆயிரவருள் பத்துப் பேர்க்கே ஒரு நோய் இருப்பதாகக் கொள்க. நோயற்ற நூற்றுவருள் இருவரை மட்டுமே ஓராய்வு தவறாகச் சுட்டுவதாகவும் கொள்க. எஞ்சிய 990 பேருள் ஏறத்தாழ இருபதின்மர் வீணே குறிக்கப்படுவர். மெய்யான நோயாளரினும் பொய்யாகச் சுட்டப்பட்டவரே மிகுவர்! அரிய நோய்களுக்கு வேறொரு முறையால் மீண்டும் உறுதிசெய்தல் இதனால் இன்றியமையாததாகிறது.

அவ்வொழுங்கிற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் சேர்ந்து, இந்தியாவில் எச்.ஐ.வி. நச்சுயிரி இருத்தலை முதன்முதல் கண்டறிந்தனர். நிர்மலா திரட்டிய குருதிக் கூறுகளை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்தபோது, ஆறு பேர்க்குத் தொற்று தெரிந்தது. அவர்கள் அவ்வளவில் அமையவில்லை. குருதியை மீண்டும் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி, வேறொரு முறையாலும் உறுதிப்படுத்தினர். அவ்விரு பெண்மணிகளின் பொறுமையே அறிவியலின் இலக்கணம்.

இவை கடந்தகாலச் செய்திகள் மட்டுமல்ல. மழைக்காலந்தோறும் சென்னையில் தலைகாட்டும் டெங்குக் காய்ச்சலுக்கும் இதே முறை பொருந்தும். காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் நச்சுயிரிப் புரதத்தைத் தேடும் 'என்.எசு.1' ஆய்வு ஏற்றது. அதன் பின்னரே எதிர்ப்பொருள் ஆய்வு ஏற்றது. நாள் மாறினால் ஆய்வும் மாறும். ஆதலின், மருத்துவரிடம் செல்வோர் காய்ச்சல் தொடங்கிய நாளைத் தவறாது சொல்லுதல் வேண்டும். சீட்டைப் பெறுவோர் மூன்று வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும்: இவ்வாய்வு எதனைத் தேடியது? எடுத்த நாள் தக்க நாளா? மீண்டும் எடுக்கவேண்டுமா?

'பாசிட்டிவ்' என்றால் நல்லது, 'நெகட்டிவ்' என்றால் கெட்டது என அயற்சொல்லின் பொதுப்பொருள் கொண்டு மயங்குவோரை எவ்வாறு குறைகூற முடியும்? 'தொற்று உண்டு', 'தொற்று அகப்படவில்லை' என்று தமிழில் எழுதினால் மயக்கமேது? 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்கு உலக நடப்பையும் உரிமையையும் நல்ல தமிழில் எடுத்துரைத்தவர் திரு.வி.க. அவர் பெயர் தாங்கிய மண்டலத்தில், ஒரு தாய் தன் பிள்ளையின் ஆய்வுச் சீட்டைத் தானே படித்துப் பொருளறியும் நிலை வருதல் வேண்டும். அந்நாளில்தான் ஆய்வகத்தின் அறிவு வீட்டுக்குள் வந்து சேரும்.